திரும்பும் தேதி

அந்தத் தபால் நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் பூட்டு சார். மாலையில் பின்கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பேருந்து நிறுத்தம் வரை போவார். அங்கே நின்று யோசிப்பார். திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குள் பேருந்து போய்விடும். இருபத்தெட்டு வருடமாக அவர் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகிறார். "பூட்டு சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டேதான் மனைவியும் கதவைத் திறக்கிறாள்.

அவருக்கு வாய்த்த வேலையும் அவர் குணத்துக்கு ஏற்ற வேலைதான். வெளிநாடு போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவார்கள். வருகிற தபால் வாசலில் குவிந்து கிடந்தால் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் தபால் நிலையத்துக்கு வந்து ஒரு படிவம் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பி வரும்வரை அவர்கள் தபாலையெல்லாம் பிடித்து வைத்து, வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மொத்தமாகக் கொடுப்பது பூட்டு சாரின் பொறுப்பு. மொத்தமாக என்றால் மொத்தமாகத்தான். இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க விதி இடம் கொடுக்காது. கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாக வேண்டும்.

தபால்களை வைக்க ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள் உண்டு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஊழியர்கள் தபால் பிரிக்கிற அறை, அந்தப் பக்கம் பொதுமக்கள் வந்து நிற்கிற கூடம். பெட்டிகளின் முதுகு திறந்தே இருக்கும். ஊழியர்கள் அந்த வழியாகத்தான் தபாலைச் செருகுவார்கள். கூடத்துப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு, அதில் ஒரு எண், ஒரு பூட்டு. பூட்டு சார் தபாலைப் படுக்க வைக்க மாட்டார், நிற்க வைப்பார். விலாசம் தன்னைப் பார்க்க வேண்டும், கடைசியாக வந்தது கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரிடம் வேலை பழகியவர்கள் எல்லோருக்கும் அதே பழக்கம். கூடத்துப் பக்கமிருந்து அந்தப் பெட்டிகளைக் குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. பின்கதவால் வருவார், பின்கதவால் போவார்.

மத்தியானத்துக்கு மேல், வெளியூர் போகிற கடிதங்களுக்கு முத்திரை அடிக்கிற வேலையும் அவருடையதே. அவர் அடித்தால் ஊர்ப் பெயரும் தேதியும் பளிச்சென்று விழும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் முத்திரை அடிக்கிறவன் கண் தபால்தலை ஒட்டிய மூலையை விட்டு நகராது. யாருக்குப் போகிறது என்று பார்க்க நேரமிருக்காது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டார்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், கூடத்தை மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் அவசரமாக வந்தார். கன்னம் நிறைந்த முகம், அடர்த்தியான மீசை, கையில் பாதி நிரப்பிய படிவம். வாசலில் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசில் ஒருத்தன் இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மாமா, நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள கப்பல் அங்க போய்ட்டுத் திரும்பி வந்துரும்!" என்று சிரித்தான். படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது. 'திரும்பும் தேதி' என்ற இடம் மட்டும் காலி.

"தேதி போடலையே?" என்றார் பூட்டு சார்.

"கப்பல் வேலை சார். எப்ப விடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எட்டு மாசம்னு சொல்றாங்க."

வேறு நாளாக இருந்தால் பூட்டு சார் படிவத்தைத் திருப்பித் தள்ளியிருப்பார். அன்றைக்கு அந்தப் பையனின் சிரிப்பு அவரையும் தொற்றிக்கொண்டது. "சரி, வந்து போட்டுக்குங்க" என்று முத்திரையை வைத்துவிட்டார். நாற்பத்தொன்றாம் பெட்டி அந்த மாமாவுக்கு ஒதுக்கப்பட்டது.

அந்தப் பெட்டிக்கு வாரம் ஒரு அட்டை வரும், திங்கட்கிழமை தவறாது. எழுதுகிறவள் அந்த மனிதருடைய அக்கா, நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிற இன்னொரு ஊரில். தபால் அட்டையைப் படிக்கக் கூடாது என்பது விதி. படிக்காத ஊழியரை பூட்டு சார் இன்றுவரை சந்தித்ததில்லை, கண்ணாடியில்கூட. முதல் அட்டையிலேயே அக்கா விவரமாக எழுதியிருந்தாள்: 'துறைமுகம் துறைமுகமாகப் போவோம், நிலையான விலாசம் இல்லை, என் அறை விலாசத்துக்கே எழுது, தபால் நிலையத்தில் நாற்பத்தொன்றாம் பெட்டியில் பிடித்து வைப்பார்கள், வந்து மொத்தமாகப் படிக்கிறேன் என்றாய். சரி. நீ வந்து படிக்கும்போது கண் வலிக்கட்டும்.'

சொன்னதைச் செய்தாள். குழாயில் தண்ணீர் வராத கதை, மாடி வீட்டுக்காரியோடு போட்ட சண்டை, பல்வலி எல்லாம் பொடி எழுத்தில் அட்டை கொள்ளாமல் வரும். கடைசி வரி மட்டும் மாறாது. 'சின்னவன் எப்படி இருக்கிறான்? எழுத மாட்டான், சோம்பேறி. நான் கேட்டதாகச் சொல்.'

சின்னவன் என்றால் பைகளோடு வாசலில் நின்று சிரித்தவன் என்று பூட்டு சாருக்குப் புரிந்தது. அவளுக்கு ஒரே பிள்ளை. தம்பியை நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள். இதையெல்லாம் அவர் அன்றன்றே வீட்டில் ஒப்பித்துவிடுவார். மனைவி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரியின் ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டே கேட்பாள்.

"இந்த வாரம் உங்க அக்கா என்ன எழுதியிருக்காங்க?"

"எனக்கு எப்படி அக்கா ஆவாங்க?"

"பின்ன? சொந்தத் தம்பி இன்னும் ஒரு வரி படிக்கல. நீங்கதானே எல்லாத்தையும் படிக்கறீங்க."

ஒன்பதாம் மாதம் ஒரு திங்கட்கிழமை வந்த அட்டையைப் பெட்டியில் செருகும்போது முதல் வரி கண்ணில் பட்டது. 'உன் பதில் கிடைத்தது. சின்னவன் சுகம் என்று எழுதியிருந்தாய், வயிற்றில் பால் வார்த்தாய்.'

வந்துவிட்டார் போலிருக்கிறது, நாளைக்கோ நாளன்றைக்கோ வாங்கிக்கொள்ள வருவார் என்று பூட்டு சார் நினைத்துக்கொண்டார். யாரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை: 'என் முழங்காலுக்குத் தைலம் சொன்னாயே, தேய்க்கிறேன்.' முழங்கால் விஷயத்தை அவள் எழுதியது போன வாரத்து அட்டையில். அந்த அட்டை பெட்டியில் நிற்கிறது. அவர் எடுத்துப் பார்த்தார். தொட்டவர் இல்லை. மொத்தத்தையும் எண்ணினார், முப்பத்தெட்டு வந்திருந்தது, முப்பத்தெட்டும் இருந்தது.

மறுபடியும் ஒரு தடவை எண்ணினார். யாரும் வாங்காத அட்டைக்கு யார் பதில் எழுதுகிறார்கள்? அதைப் படித்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். அப்புறம், அவர் சொல்லக் கேட்டவள் ஒருத்தி.

அன்று மாலை தையல் இயந்திரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உண்மையச் சொல்லு. அந்த அம்மாவுக்கு நீ ஏதாவது எழுதுனியா?"

மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். "எங்க அம்மாவுக்கே எழுத நேரமில்ல. ஊரான் வீட்டு அக்காவுக்கு எழுதப் போறேனா?"

"அப்ப யாரு?"

"என்னைக் கேட்டா? நீங்க எழுதல இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் எழுதவில்லை என்று வாய் சொன்னது. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, எழுதவில்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று மனசு கேட்டது. பூட்டியதே அவருக்கு நினைவிருப்பதில்லையே.

அடுத்தடுத்த அட்டைகள் அந்தக் கேள்வியைப் பெரிதாக்கின. 'இப்போதெல்லாம் ஊதா மையில் எழுதுகிறாய்' என்றது ஒன்று. கூடத்தில் சாய்வு மேஜையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பேனா இருக்கிறது. அதில் அடைப்பது ஊதா மை. திங்கள் தோறும் அதை அடைப்பவர் பூட்டு சார். அடுத்தது இன்னும் மோசம்: 'உன் கடிதத்தில் விழுந்திருக்கிற முத்திரை நன்றாகத் தெரிகிறது. கடல் தாண்டின ஊர் இல்லை, உன் ஊர் முத்திரையேதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவன் எப்படி இருக்கிறான்?'

அவர் கையால் அடித்த முத்திரை. அவர் அடைத்த மை. அவர் மட்டும் படித்த அட்டைக்குப் பதில். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆட்காட்டி விரலில் ஊதாக் கறை இருந்தது. எப்போதும் இருப்பதுதான். அன்றைக்கு அதைக் கழுவக் கழுவப் போகவில்லை.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான், பத்தாம் மாதம், நாற்பத்தொன்றுக்கு ஒரு நீளமான பழுப்பு உறை வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை, ஓரத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தின் சின்னம். தம்பியின் பெயருக்குத்தான் வந்திருந்தது, அவர் பெயருக்குக் கீழே 'நெருங்கிய உறவினர்' என்று அச்சடித்திருந்தது. பூட்டு சார் அதைக் கையில் வாங்கியதும் எடை போட்டார், பழக்க தோஷம். ஒரே ஒரு தாள். உறை அட்டைகளைவிட உயரமாக இருந்ததால் பின்னால் நிறுத்தினார். அட்டைகளுக்கு மேலே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் வந்த பதில்களைப் பற்றி அக்கா எழுதினாள்: 'என்ன, இரண்டே வரியில் முடித்துவிட்டாய்?'

கூடத்தைப் பெருக்குகிற அம்மாள் ஒருநாள் ஈரத் துணியோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். "சார், நாப்பத்தொண்ணாம் நம்பர் யாரோடது? அந்தக் கண்ணாடியில மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. தொடச்சாலும் தொடச்சாலும் திரும்ப வருது. யாரோ நெத்திய வச்சு அழுத்துற மாதிரி."

"மேலயிருந்து ஏதாவது ஒழுகும்" என்றார் அவர். வேறு எதையும் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பதின்மூன்றாம் மாதம் புது போஸ்ட் மாஸ்டர் வந்தார். பூட்டு சார் வயசில் பாதி இருக்கிற பெண். பேச்சில் மரியாதை இருக்கும், இளக்காரம் இருக்காது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது. படிவக் கட்டைப் புரட்டியவர் நாற்பத்தொன்றில் விரலை வைத்தார்.

"பூட்டு சார், இதுல திரும்பும் தேதியே இல்லையே?"

"வந்து போடறேன்னாரு மேடம்."

"தேதி இல்லாததுக்கு ஒரு வருஷம்தான் கெடு. அது தாண்டியே போச்சு. வர்ற மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கிக்கலைன்னா எல்லாத்தையும் அனுப்பினவங்களுக்கே திருப்பிடுங்க."

ஐம்பத்து ஐந்து அட்டைகள் ஒரே நாளில் அந்த அக்கா வீட்டு வாசலில் போய் விழுவதை அவர் நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தம்பி கைக்குப் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பதில் எழுதியது யார் என்று அவளும் கேட்கத் தொடங்குவாள். அன்று மாலை கெடுவைப் பற்றி வீட்டில் புலம்பினார்.

வழி சொன்னது மனைவிதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அட்டைய எந்தப் பக்கம் பாத்து வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"விலாசம் என்னைப் பாத்து."

"அப்ப எழுத்து?"

அவர் உள்ளங்கையை அட்டை மாதிரி நிறுத்தித் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை.

"கண்ணாடியப் பாத்து இருக்கும்ல? அடுத்த அட்டைய மாத்தி வச்சுப் பாருங்க."

மாற்றி வைத்தார். எழுத்துப் பக்கம் தன்னைப் பார்க்க, விலாசப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க. அந்த அட்டையில் அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: மாடிப்படியில் விழுந்துவிட்டேன், கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடது கையா வலது கையா என்று சொல் பார்ப்போம், அதைக்கூட உன்னால் யூகிக்க முடியாது. விளையாட்டாக எழுதி, கீழே 'இடது' என்று விடையையும் போட்டிருந்தாள்.

அடுத்த திங்கள் வந்தது. 'நலம், சின்னவனும் நலம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். என் கையைப் பற்றி ஒன்றுமே இல்லை. போன அட்டை உனக்குத் தெரியவில்லையா?'

வரவில்லையா என்று கேட்கவில்லை. தெரியவில்லையா என்று கேட்டிருந்தாள். பூட்டு சார் அந்த வரியை மூன்று தடவை படித்தார், கதவை இழுத்துப் பார்க்கிற மாதிரி. தன் கை நிரபராதி என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த சுருக்கில் போயும் விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான். வாரா வாரம் வருகிறான்.

புதிய அட்டையை வழக்கம்போலவே, எழுத்து கண்ணாடியைப் பார்க்க வைத்தார். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, பெட்டிக்குள் விழுகிற வெளிச்சம் மங்கியது. யாரோ மறைத்து நிற்கிறார்கள். பூட்டு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அட்டைக் கட்டை அப்படியே பின்னால் இழுத்தார்.

கண்ணாடியில் ஒரு முகம். நெற்றி அழுந்தி வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டி, மீசை இல்லாமல், கண் மட்டும் பெரிதாக இருந்தது. படித்துக்கொண்டிருந்த அட்டை காணாமல் போன பிறகும் அந்தக் கண் அசையவில்லை. அட்டை இருந்த இடத்தில் பூட்டு சாரின் முகம் இருந்தது. இரண்டு பேரும் ஒரு சாண் தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் கூடத்துக்கு ஓடினார். அந்த ஆள் ஓடியிருப்பான் என்று நினைத்தார். ஓடவில்லை, பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. ஐந்து மாதமாக அந்த பெஞ்சில் உட்கார்கிறவன், வெயிலுக்கு ஒதுங்குகிறவன் என்று கவுன்ட்டர் கம்பி வழியாக அவரே பல தடவை பார்த்த ஆள். கன்னமும் மீசையும் இருந்த முகத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க... நாப்பத்தொண்ணு தானே?"

"ஆமா சார்."

"எப்ப வந்தீங்க? ஏன் வாங்கிக்கல? அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கலைன்னா எல்லாம் திரும்பிப் போயிடும். வாங்க, கையெழுத்துப் போடுங்க."

"நான் இன்னும் திரும்பி வரல சார்."

அமைதியாகச் சொன்னான். கிண்டல் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை.

"எதிர்ல உக்காந்துக்கிட்டு வரலைன்னா எப்படிங்க?"

"அவனோட வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். தனியா எப்படி வந்ததா ஆகும்?" தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு பேரையும் வேற வேற கப்பல்ல போட்டாங்க. அவன் கப்பல் ஒரு புயல்ல மாட்டுச்சு. ஆறு பேரைக் காணோம், தேடிக்கிட்டிருக்கோம், முடிவு தெரிஞ்சதும் உங்க வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வரும்னாங்க. விண்ணப்பத்துல அவன் என் விலாசத்தத்தான் குடுத்திருந்தான். மாமா எழுதிடுவாரு, அம்மாவுக்கு வேணாம், பயப்படும்னு."

"அந்தப் பழுப்பு உறை..."

"பாத்தேன். வந்த அன்னைக்கே பாத்தேன்."

"பிரிச்சாத்தானே தெரியும்? கிடைச்சிட்டான்னுகூட இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றான். "பிரிக்காத வரைக்கும் இருக்கலாம்."

அட்டைகளை மட்டும் கொடுத்துவிட முடியாதா என்று அவன் கேட்கவில்லை. விதி அவனுக்கும் தெரிந்திருந்தது. ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்க வேண்டும். எழுந்து, சங்கிலிப் பேனாவைத் தொட்டுப் பார்த்து, அதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டு வெளியே போனான்.

அன்று மாலை பூட்டு சார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இயந்திரத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லணும்ங்க" என்றாள். "ஆனா நீங்க சொல்லாதீங்க" என்றும் சொன்னாள்.

கெடு முடிகிற வாரத்துத் திங்கட்கிழமை வந்த அட்டையில் பொடி எழுத்து இல்லை. பெரிய எழுத்தில் ஒரே வரி. 'வெள்ளிக்கிழமை நான் அங்கே வருகிறேன்.' அதில் மட்டும் சின்னவனைப் பற்றிய கேள்வி இல்லை. பூட்டு சார் அதை எழுத்து கண்ணாடியைப் பார்க்க நிறுத்தினார். புதன்கிழமை பெட்டியில் வெளிச்சம் மங்கியது. அவர் இழுத்துப் பார்க்கவில்லை. வெகுநேரம் மங்கியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அவள் வந்தாள். அறுபது வயசிருக்கும், இடது கை கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டுக்குள் இருந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். அவன் தலை நிமிரவில்லை. அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டு சார் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்போது கேட்பாள், இப்போது கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் கவுன்ட்டருக்கு வந்தாள்.

"தம்பி, நாப்பத்தொண்ணாம் பெட்டி எது?"

அவர் வெளியே வந்து காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். தன்னுடைய பெரிய எழுத்தைப் படித்தாள். பிறகு அவள் கண் அட்டைகளுக்கு மேலே போயிற்று.

"பின்னால ஒண்ணு நிக்குதே, பழுப்பா. அது எப்ப வந்துச்சு?"

"நாலு மாசம் ஆச்சும்மா."

அவள் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள் போல. அவன் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கியதும் நாலு மாதமாகத்தானே. "அதை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா? பிரிக்க மாட்டேன்."

விதிப்படி கூடாது. யார் கேட்டாலும் கூடாது. பூட்டு சார் உள்ளே போய் உறையை எடுத்துக்கொண்டு வந்து அவள் வலது கையில் வைத்தார். அவள் எடை பார்க்கிற மாதிரி கையைக் கொஞ்சம் உயர்த்தித் தாழ்த்தினாள்.

"லேசா இருக்கு."

"ஒரு தாள்தாம்மா" என்று சொல்லிவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு தாள்" என்றாள் அவள். உறையைக் கொஞ்ச நேரம் மார்போடு, கட்டுப் போட்ட கைக்கும் சேலைக்கும் நடுவில் வைத்திருந்தாள். பிறகு அவரிடமே நீட்டினாள். "இது இங்கயே இருக்கட்டும். எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"இன்னைக்குத்தான் கடைசி. நீட்டிக்கணும்னா குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்."

"நான் அவன் அக்கா."

புதுப் படிவத்தைக் கொடுத்தார். அவள் சாய்வு மேஜைக்குப் போய்ச் சங்கிலிப் பேனாவை எடுத்தாள். பெஞ்சு அதற்குப் பக்கத்தில்தான். தம்பி பெயர், விலாசம், உறவு எல்லாம் ஊதா மையில் நிதானமாக எழுதினாள். கடைசி இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"திரும்பும் தேதின்னு இருக்கே. இதை எழுதியே ஆகணுமா?"

போஸ்ட் மாஸ்டர் மேடம் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். மேடம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

"விட்டுடுங்கம்மா" என்றார் பூட்டு சார். "அது காலியாவே இருக்கட்டும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். போகும்போது பெஞ்சுக்கு அருகில் ஒரு நொடி நின்று, வாசலைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிட்டு உடம்பைத் தேத்து. எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவன் தோள் மட்டும் குலுங்கிற்று.

முடிந்துவிட்டது, இனி அட்டை வராது என்று பூட்டு சார் நினைத்தார். திங்கட்கிழமை வந்தது. பொடி எழுத்து, அட்டை கொள்ளாமல். மாடி வீட்டுக்காரி சமாதானத்துக்கு வந்தாளாம். கைக்கட்டை அடுத்த மாதம் பிரிப்பார்களாம். கடைசி வரி பழைய வரி. 'சின்னவன் எப்படி இருக்கிறான்? எழுத மாட்டான், சோம்பேறி. நான் கேட்டதாகச் சொல்.'

அவர் அதை இருபத்தெட்டு வருடப் பழக்கப்படி நிறுத்தினார், விலாசம் தன்னைப் பார்க்க, எழுத்து கண்ணாடியைப் பார்க்க. பழுப்பு உறை பின்னால் நின்றது.

புதன்கிழமை மத்தியானம் முத்திரை அடிக்க வந்த கடிதக் கட்டுக்குள் ஒரு அட்டை இருந்தது. இதுவரை அவன் மூடிய கடிதமாகத்தான் எழுதியிருந்தான். இனி மறைக்க யாருமில்லை என்று நினைத்தானோ என்னவோ. இந்தத் தடவை அவர் கண் மூலையோடு நிற்காமல் எழுத்துக்குப் போயிற்று. ஊதா மையில் இரண்டே வரி.

'சின்னவன் நன்றாக இருக்கிறான். உன்னை விசாரித்தான். ஊருக்கு வர இன்னும் கொஞ்ச நாளாகும்.'

பூட்டு சார் முத்திரையை மையில் ஒற்றினார். ஓங்கியவர் நிறுத்தினார். பிறகு தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக, வேண்டுமென்றே மணிக்கட்டைத் திருப்பி, ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியாதபடி இழுத்து அடித்தார்.